எறிதலினும் பேணுதல் நன்று

மனிதன் இயற்றிய கருவிகளுள் சில அவன் கண்ணெதிரே தேய்வன. சில அவன் காணாத இடத்தே அழிவன. ஏரின் கொழு தேய்வதை உழவன் நாடோறும் காண்கிறான். அரிவாளின் வாய் மழுங்குவதை அறுவடை செய்வோன் கை உடனே அறிகிறது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீட்டைச் சூழ்ந்த புல்வெளிகளைச் செம்மை செய்ய வழங்கும் புல்வெட்டும் ஊர்தியின் நிலை வேறு. அதன் இயந்திரமும் இருக்கையும் மேலே பளபளவென்றிருக்க, அடியில் தொங்கும் வெட்டுத்தட்டு, எவரும் குனிந்து நோக்காத இடமாதலின், ஆண்டுக்கு ஆண்டு துருவேறிக் கெடுகின்றது. ஒருநாள் தட்டில் ஓட்டை விழுகிறது. அல்லது அலகு தள்ளாடுகிறது. உடனே, ‘இனி இது பயனற்றது’ என்று ஊர்தி முழுவதையும் பழைய இரும்புக்குப் போட்டுப் புதியதொன்று வாங்குவோர் உளர். இவ்வழக்கம் தவறென்பதும், கெட்ட தட்டினைத் தக்க ஆராய்ச்சியுடன் புதுக்கிப் பேணுதலே அறிவுடைமை என்பதும், அதற்கும் ஓர் எல்லை உண்டென்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

‘தமிழ் பயிலும் மாணாக்கன் புல்வெட்டும் பொறியைப் பற்றி எழுதுதல் எற்றுக்கு?’ என்று அன்பர் சிலர் வினவலாம். நம் கல்லூரியாருட் பெரும்பாலார் இவ்வூர்தியில் ஏறி அமரப் போவதில்லை என்பது மெய்யே. ஆயினும், ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அதனைப் பழுதுபார்க்கும் அறிவையும் உரிமையையும் கைவிட்டுவிடலாமா என்னும் வினா எந்நாட்டார்க்கும் பொது. அதனைப் பொதுப்பட ஆராய்வதினும் ஒரு பொருளின்மேல் வைத்து ஆராய்தல் தெளிவு தரும். இக்காலத்துப் பொறிகள் பலவற்றின் உள்ளே கணினி புகுந்துவிட்டமையால், அவற்றின் நோயை அறிவதே அரிதாயிற்று. வெட்டுத்தட்டோ இரும்புத் தகடும், சுழல்தண்டும், வாரும், திருகாணியுமே ஆனது. கண்ணாற் கண்டு, கையால் தொட்டு, காதாற் கேட்டு அதன் நலந்தீங்குகளை யாரும் அறியலாம். ஆகவே இவ்வினாவுக்கு இதனினும் தக்க சான்று கிடைப்பது அரிது.

புல்வெட்டும் பொறியின் வரலாறு நெசவாலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் நகரை அடுத்து வாழ்ந்த எட்வின் படிங் என்னும் பொறிவல்லுநர், கம்பளித் துணியின்மேல் எழுந்து நிற்கும் நுண்மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு, அம்முறை புல்லுக்கும் பொருந்தும் என எண்ணினார். 1830-ஆம் ஆண்டில் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளும் உருளைப் பொறி. பின்னர், கிடையாகச் சுழன்று புல்லை வெட்டும் அலகு வழக்கிற்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் புறத்தே தனி வீடுகள் பெருகின, புல்வெளிகளும் பெருகின. அமர்ந்து ஓட்டும் ஊர்திகளைப் பல தொழிலகங்கள் செய்யலாயின. உழவுப் பொறிகளுக்குப் பெயர்பெற்ற ஜான் டீர் தொழிலகத்தார் ‘110’ என்னும் எண்ணுடைய புல்வெளி டிராக்டரை வெளியிட்டது 1963-ஆம் ஆண்டில். அக்காலத்து ஊர்திகளை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்போர் அந்நாட்டில் உளர் என்பது நம் கருத்துக்கு முதற் சான்றாகும்.

இனி வெட்டுத்தட்டின் அமைப்பைக் காண்போம். கவிழ்த்து வைத்த அகன்ற தாம்பாளம் போன்றது அது. எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்தவையும் உண்டு. கனத்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்தவையும் உண்டு. வீட்டுக்குரிய ஊர்திகளில் 42 அங்குல அகலமுள்ள தட்டு பெருவழக்கு. அதனுள் இரண்டு அலகுகள் சுழலும்; அதனினும் அகன்ற தட்டுகளில் பெரும்பாலும் மூன்று. ஒவ்வோர் அலகும் ஒரு நிமிர்ந்த தண்டின் கீழ்முனையில் பொருத்தப்பட்டிருக்கும். தண்டின் மேல்முனையில் கப்பி. இயந்திரத்தின் சுழற்சியை ஒரு வார் எல்லாக் கப்பிகளுக்கும் கொண்டு செல்கிறது. வார் தளராதபடி வில்லால் இழுக்கப்பட்ட வேறொரு கப்பி அதனை இறுக்கிப் பிடிக்கிறது. தண்டு ஓர் உறையினுள், மேலொன்றும் கீழொன்றுமாக உள்ள பேரிங் என்னும் குண்டுத்தாங்கிகளின்மேற் சுழல்கிறது. அவ்வுறை தட்டில் திருகாணிகளால் முடுக்கப்பட்டுள்ளது.

தட்டினை அலகுகளுக்கு வெறும் மூடி என்று கருதுவது பிழை. அலகின் பின்விளிம்பு சிறகுபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். அது சுழலும்போது தட்டினுள்ளே காற்று மேலெழும்பும்; சாய்ந்து கிடக்கும் புல் அக்காற்றால் நிமிர்ந்து நிற்கும்; கூரிய விளிம்பு அதனை வெட்டும்; வெட்டுண்ட புல் அதே காற்றால் பக்கவாய் வழியே வெளியேறும். எனவே தட்டின் உட்புறம் காற்றின் பாதை. அதில் நனைந்த புல் அப்பிக்கொண்டால் பாதை அடைபடும். பொறி வலிதாயிருந்தும் வெட்டு செம்மையாய் இராது. அலகுமுனையின் வேகம் எத்தகையது எனின், அமெரிக்கத் தர விதி அதற்கு நிமிடத்திற்கு 19,000 அடி என்று மேல்வரம்பு வகுத்துள்ளது. அஃது ஏறத்தாழ மணிக்கு 345 கிலோமீட்டர். இவ்வளவு வேகமுடைய கூரிய இரும்பை மனிதன் காலுக்கும் கல்லுக்கும் இடையே அடக்கி வைத்திருப்பது அத்தகடே. ஆதலின் தட்டின் உறுதி அழகைப் பற்றிய செய்தியன்று. உயிரைப் பற்றிய செய்தி.

தட்டு கெடுவது எவ்வாறு? அதன் முதற்பகை ஈரப்புல். வெட்டுண்ட புல்லின் சாறு தட்டின் அடிப்புறத்தே ஒட்டுகிறது. அதன்மேல் மறுநாட்புல் ஒட்டுகிறது. அப்படலம் நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கிறது. கல்லும் மணலும் மோதி வண்ணம் பெயர்ந்த இடங்களில் அந்நீர் நேரே இரும்பைத் தொடுகிறது, துரு பிறக்கிறது. மேற்புறமும் தப்புவதில்லை. தண்டின் உறையைச் சுற்றிலும் வார்மூடியின் அடியிலும் காய்ந்த தூசும் புல்லும் குவிந்து, மழைக்குப்பின் நாட்கணக்கில் ஈரமாய்க் கிடக்கின்றன. இரண்டாம் பகை, சமனற்ற அலகு. ஒரு பக்கம் மிகுதியாகத் தீட்டப்பட்ட அலகு சுழலும்போது அதிர்ச்சி விளைக்கிறது. அவ்வதிர்ச்சி பேரிங்கைத் தின்கிறது, திருகாணியைத் தளர்த்துகிறது, முடிவில் தகட்டிற் கீறலை உண்டாக்குகிறது. இவ்விரு பகையும் ஒரேநாளில் வருவன அல்ல என்பதை மறத்தல் ஆகாது. தட்டில் ஓட்டை விழுந்த நாளன்று அது கெட்டதென்று சொல்வது, கரை உடைந்த நாளன்றுதான் ஏரி பழுதுற்றது என்று சொல்வதை ஒக்கும்.

புதுக்குவோன் முதலில் செய்யவேண்டுவது பாதுகாப்பு. தீப்பொறிச் செருகியின் கம்பியையும் மின்கலத்தின் இணைப்பையும் கழற்றாமல் அலகின் அருகே கைநீட்டலாகாது. பளுதூக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியிற் புகலாகாது. தட்டினை முழுவதும் கழற்றி வெளியே எடுத்து, கவிழ்த்துப் போட்டு வேலை செய்வதே முறை. பின்னர் ஒட்டிய புல்லைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். அதன்பின் சிறு சுத்தியலால் எங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். உறுதியான இரும்பு கணீரென ஒலிக்கும். இற்றுப்போன இரும்பு மந்தமாய் ஒலித்து உட்குழியும். மருத்துவன் மார்பைத் தட்டி நோய் அறிவது போன்ற செயல் இது.

கீறல் கண்டால், அதன் முனையில் ஒரு சிறு துளையிட்டுப் பின்னரே பற்றவைத்தல் வேண்டும். அன்றேல் கீறல் ஒட்டின் அப்புறமும் ஓடும். ஓட்டையான இடத்தில் இற்ற பகுதியை நல்ல இரும்பு தோன்றுமளவும் வெட்டியெறிந்து, ஒத்த கனமுள்ள புதுத்தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். துருவின்மேல் ஒட்டுப்போடுதல் ஏமாற்று வேலை. எஞ்சிய நுண்துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கலவை பூசினால், துரு இரும்பின் பாஸ்பேட்டாக மாறி வண்ணத்துக்கு இடம் தரும். அதன்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் எனாமலும் நன்கு உலர விட்டுப் பூசவேண்டும்.

அடுத்தது பேரிங். வாரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தண்டையும் கையாற் சுழற்றுக. கரகரவென்னும் ஒலி எழுந்தாலும், அலகின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கையில் ஆட்டம் கண்டாலும், பேரிங் ஓய்ந்தது என்று தெளியலாம். இவ்விடத்தேதான் நம் வாதத்தின் உயிர்நிலை உளது. கடையில் விசாரித்தால், தண்டும் உறையும் கப்பியின் பொருத்தும் சேர்ந்த முழு உறுப்பையே வாங்குமாறு சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் உறையை உடைக்காமற் கழற்றிப் பார்த்தால், உள்ளிருக்கும் பேரிங்கின் ஓரத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். பல ஊர்திகளில் அது 6203 என்பது. உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிப்பு 12. இவ்வளவை எந்தத் தொழிலகமும் தனக்கெனப் படைத்ததன்று. சர்வதேச அளவுமுறையில் அமைந்தது. சிறு மின்மோட்டார் பலவற்றிலும் அதுவே உளது. பேரிங் விற்கும் கடை எந்நகரில் இருப்பினும் அங்கே அது கிடைக்கும். தேய்ந்தது அச்சிறு வளையம் ஒன்றே. எறியப்படுவதோ தண்டு, உறை, சிலவேளை ஊர்தி முழுவதும்! இவ்வெண்ணை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேறுபாடு செல்வத்தால் வந்ததன்று, அறிவால் வந்தது.

அறிவு என்றதும் நுட்பமும் உடன் வருகிறது. பேரிங்கை உறையினுள் அழுத்தும்போது அதன் வெளிவளையத்தின் மேலேயே விசை படவேண்டும். தண்டின்மேல் ஏற்றும்போது உள்வளையத்தின் மேலே படவேண்டும். மாறிச் செய்தால் இடையேயுள்ள குண்டுகள் தாம் ஓடும் பாதையிற் குழியிட்டுவிடும். புதிய பேரிங் பழையதினும் விரைவில் ஓயும். இரு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்கும் குழாயை மறந்துவிட்டு முடுக்கினாலும் அக்கேடே விளையும். அன்றியும், சில உறைகளில் கிரீஸ் ஏற்றும் முலை இருக்கும். உள்ளேயுள்ள பேரிங்கோ இருபுறமும் மூடியிட்டதாயிருக்கும். அப்போது வெளியிலிருந்து ஏற்றும் கிரீஸ் குண்டுகளைச் சென்று சேராது. எத்தனை முறை ஏற்றினும் பயன் இல்லை. கண்டு தெளியாமற் செய்யும் உழைப்பு இவ்வாறே வீணாகும்.

எல்லாவற்றையும் மீண்டும் பூட்டியபின் தட்டினைச் சமன்செய்ய வேண்டும். முதலிற் சக்கரங்களின் காற்று ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு சக்கரம் தாழ்ந்திருக்கத் தட்டைச் சமன்செய்வது கோணல் தரையில் சுவர் எழுப்புவதாகும். இடமும் வலமும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தினும் சிறிது, பெரும்பாலும் கால் அங்குல அளவு, தாழ்ந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் இருந்தால் அலகின் முன்முனை மட்டுமே புல்லை வெட்டும். வெட்டியதையே பின்முனை மீண்டும் உராய்ந்து இயந்திரத்தின் வலியை வீணாக்காது. சரியான அளவு ஒவ்வொரு பொறிக்கும் உரிய கையேட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். அலகின் திருகாணியை முடுக்கும் அளவும் அவ்வாறே.

இனி மறுப்போர் கூற்றை ஆராய்வோம். ‘இத்தனை வேலைக்குச் செலவிடும் நாளுக்கு விலை இல்லையா? அந்நாளில் வேறு தொழில் செய்து பொருளீட்டிப் புதியது வாங்கலாமே’ என்பார் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வெளியாளைக் கொண்டு எல்லா வேலையும் செய்வித்தால், கூலி புதுத்தட்டின் விலையைத் தாண்டுதலும் கூடும். ஆனால் இவர்கள் கணக்கில் ஓர் இனம் விடுபடுகிறது. புதிய தட்டும் அதே ஈரப்புல்லில் ஓடப்போகிறது. முதல் தட்டு ஏன் கெட்டதென்று அறியாதவன் இரண்டாவதையும் அவ்வாறே கெடுப்பான். ஒருமுறை தன் கையால் புதுக்கியவனோ, இரண்டாம் முறை புதுக்க வேண்டிய நாளைப் பல்லாண்டு தள்ளிப்போடும் அறிவைப் பெறுகிறான்.

‘வீட்டாள் போட்ட ஒட்டு அலகின் வேகத்தைத் தாங்குமோ?’ என்பார் மற்றொரு சாரார். இஃது உண்மையான அச்சம். இதற்கு யான் முழுவதும் இணங்குகிறேன். தண்டின் உறை அமரும் இடத்திலே தகடு இற்றுப்போயிருந்தால், அங்கே ஒட்டுப்போடுதல் ஆகாது. அவ்விடம் சிறிது கோணினாலும் இரு அலகுகளும் வெவ்வேறு தளங்களிற் சுழலும். பெயர்ந்தாலோ உயிருக்கே கேடு. அத்தகைய தகட்டை நீக்கிப் புதுத்தகடு வாங்கி, பழைய தண்டுகளையும் கப்பிகளையும் அதிற் பூட்டுக. வளைந்த அலகையும், வெடித்த அலகையும் நிமிர்த்தியோ பற்றவைத்தோ பயன்படுத்தலாகாது. பேணுதல் என்பது எதனையும் எறியாமை என்று பொருள்படாது. எறியவேண்டுவது எது, வைக்கவேண்டுவது எது என்று பகுத்தறிதலே பேணுதல். ஒன்றையும் எறியாதவனும் எல்லாவற்றையும் எறிபவனும் ஆராயாமையில் ஒத்தவரே.

‘புல்வெளியே வீண், அதற்குப் பொறி எதற்கு?’ என்பாரும், ‘மின்கலத்தால் ஓடும் ஊர்திகள் வந்துவிட்டன, பழையதைப் பற்றிய பேச்சு எதற்கு?’ என்பாரும் உளர். முன்னவர் கூற்று தனியே ஆராயத்தக்கது. ஆயினும், உள்ள பொறியைக் கெடுத்து வேறொன்றை வார்ப்பதால் புல்வெளி குறையப் போவதில்லை. பின்னவர்க்கு விடை எளிது. மின்கல ஊர்தியிலும் அலகு உண்டு. அலகைச் சூழ்ந்த தட்டு உண்டு. அத்தட்டு எஃகாயின், ஈரப்புல் அதிலும் ஒட்டும். இயந்திரம் மாறியதால் துரு தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

இவ்விஷயத்தில் உரிமையாளர் கடமை மட்டுமன்று, உற்பத்தி செய்வோர் கடமையும் உண்டு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டம், ‘எம் பெயர் பொறித்த உறுப்பையே வாங்கிப் பூட்டினாலன்றி எம் உத்தரவாதம் செல்லாது’ என்று நிபந்தனை விதிப்பதை, அவ்வுறுப்பை இலவசமாகத் தந்தாலன்றிப் பொதுவாகத் தடுக்கிறது. கொலராடோ மாநிலம் 2023-ஆம் ஆண்டில் இயற்றி, 2024 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம், உழவுப் பொறிகளைச் செய்வோர் அவற்றின் உறுப்புகளையும் கையேடுகளையும் கருவிகளையும் மென்பொருளையும் உழவர்க்கும் தனித் தொழிலாளர்க்கும் கிடைக்கச் செய்யவேண்டும் என விதித்தது. இவை நன்முயற்சிகள். வெட்டுத்தட்டைப் பொறுத்தவரை அத்துணை பெரிய சட்டமும் வேண்டா. தண்டினுள் உள்ள பேரிங்கின் எண்ணைக் கையேட்டில் அச்சிடுக. உறையைத் திறக்கக்கூடியதாகச் செய்க. தேயும் சிற்றுறுப்பைத் தனியே விற்க. இம்மூன்றும் செய்தால் தொழிலகத்தார்க்கு வரும் இழப்பு சிறிது. மக்களுக்கு வரும் நலம் பெரிது.

பேணும் முறையோ மிக எளிது. ஈரப்புல்லை வெட்டாதிருத்தல், வெட்டிய அன்றே, பொறி முற்றும் நின்றபின், தட்டின் அடியைச் சுரண்டுதல், மேற்புறத்துக் குப்பையைத் துடைத்தல், அலகை இருபுறமும் ஒத்துத் தீட்டி, ஓர் ஆணியில் தொங்கவிட்டுச் சமன்பார்த்தல், குளிர்காலத்துக்கு முன் வண்ணம் பெயர்ந்த இடங்களிற் பூச்சிடுதல். தட்டினுள் நீர்பாய்ச்சிக் கழுவும் துளை சில ஊர்திகளில் உண்டு. கழுவியபின் நன்கு உலர ஓட்டாவிடில், அந்நீரே பேரிங்கிற் புகுந்து கேடு செய்யும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் பெருந்தொழில் அன்று. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்று நம் முன்னோர் சொன்னது இதுவே.

நண்பர்காள்! நாம் பட்டம் பெற்று வெளியேறியபின் நம் கைக்கு வரும் பொறிகள் பல. அவற்றுட் பெரும்பாலன பளபளக்கும் மேற்புறமும் நாம் காணாத அடிப்புறமும் உடையனவாகவே இருக்கும். அவை கெட்டபோது, ‘இதனைத் திறக்கலாமா, உள்ளே தேய்ந்தது எது, அதன் எண் யாது?’ என்று மூன்று வினாக்களை வினவிய பின்னரே, ‘எறியலாம்’ என்னும் சொல்லை நாவில் வைப்போமாக. அவ்வினாக்களுக்கு விடையளிக்க விரும்பாத விற்பனையாளரிடம் பொருள் வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவோமாக. வாங்கும் ஆற்றல் பொருள் உள்ளளவும் நிற்கும். பேணும் ஆற்றலோ அறிவு உள்ளளவும் நிற்கும்.